விளக்கடி இருட்டு

இட்லி வெந்ததா என்று பார்க்க மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் ஆவி போய்விடும். வேகிற இட்லியும் வேகாது. அடுப்படியில் இது சின்னச் சங்கடம்தான். மூடியைப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் சரியாகிவிடும். ஆனால் மனிதர்கள் வேலை செய்யும் இடத்தை ஆராயப் போகிறவருக்கு இதே சங்கடம் மலையாக வந்து நிற்கிறது.

எந்த ஓட்டலிலும் இதைப் பார்க்கலாம். முதலாளி கல்லாவில் வந்து உட்கார்ந்ததும் சப்ளையரின் நடையில் ஒரு வேகம் ஏறும். மேசை துடைக்கும் துணி ஒருமுறை கூடுதலாக ஓடும். அவர் எழுந்து வீட்டுக்குப் போனதும் பழைய நடை திரும்பிவிடும். இப்போது ஓர் ஆராய்ச்சியாளர் நோட்டும் பேனாவுமாக மூலை மேசையில் உட்கார்ந்து, ‘இங்கே வேலை எப்படி நடக்கிறது’ என்று குறிப்பெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதுவது அந்த ஓட்டலின் வேலையையா, அவரைக் கண்டதும் மாறிப்போன வேலையையா?

பணியிடங்களில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் துறைக்கு நிறுவன நடத்தையியல் என்று பெயர். அந்தத் துறையைக் கொஞ்சம் படித்தவரிடம் இந்த ஓட்டல் புதிரைச் சொன்னால், உடனே ‘ஹாதார்ன்’ என்பார். அது அமெரிக்காவில் இருந்த ஒரு தொழிற்சாலையின் பெயர். நூறாண்டுக்கு முன் அங்கே நடந்த ஆய்வுகள் மேலாண்மைப் பாடப்புத்தகங்களில் ஒரு குட்டிக் கதையாகச் சுருங்கி நிற்கின்றன: விளக்கைக் கூட்டினார்கள், உற்பத்தி ஏறியது, விளக்கைக் குறைத்தார்கள், அப்போதும் ஏறியது, ஆகவே வெளிச்சத்துக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை, தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே மனிதர்களை உழைக்கவைக்கிறது. இதற்கு ‘ஹாதார்ன் விளைவு’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அழகான கதை. அதில் பாதி ஆட்டம் காண்கிறது. எந்தப் பாதி, அது எப்படித் தெரியவந்தது என்பதில்தான் இந்தத் துறையின் முறைகள் முழுவதும் அடங்கியிருக்கின்றன.

நிலா வெளிச்சத்தில் கம்பிச் சுருள்

சிகாகோ நகரை ஒட்டிய சிசரோவில் இருந்தது ஹாதார்ன் தொழிற்சாலை. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குச் சொந்தமானது. தொலைபேசிகளும் அவற்றுக்கான உதிரிகளும் கேபிள்களும் அங்கே தயாராயின. ஒரு காலத்தில் நாற்பதாயிரம் பேர் வேலை பார்த்த இடம். தொழிற்சாலை என்பதைவிட ஊர் என்பதே பொருந்தும்.

1920களில் மின்விளக்கு செய்கிறவர்களுக்கு ஒரு வாதம் தேவைப்பட்டது. நல்ல வெளிச்சம் தந்தால் தொழிலாளி அதிகம் உற்பத்தி செய்வார் என்று நிரூபித்துவிட்டால், ஆலை முதலாளிகள் கூடுதலாக விளக்கு வாங்குவார்கள். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 1924இல் ஹாதார்னில் சோதனையைத் தொடங்கியது. எளிய கேள்வி, எளிய சோதனை. வெளிச்சத்தை மாற்ற வேண்டும். உற்பத்தியை எண்ண வேண்டும்.

கிடைத்த விடை எளிதாக இல்லை. முதல் சுற்றில் உற்பத்தி ஏறவும் செய்தது, இறங்கவும் செய்தது. வெளிச்சத்தோடு சேர்ந்து நகரவே இல்லை. அடுத்து, கம்பிச் சுருள் சுற்றுபவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வெளிச்சத்தை மாற்றினார்கள். மற்றதை அப்படியே விட்டுவைத்தார்கள். இரண்டு குழுவிலும் ஏறத்தாழ ஒரே அளவில் உற்பத்தி உயர்ந்தது. பிறகு வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டு பெண்கள் நிலா வெளிச்சம் அளவுக்கே இருந்த மங்கலில் சுருள் சுற்றினார்கள். அப்போதும் கை தளரவில்லை. இன்னொரு முறை, மின்பணியாளர் ஏறி பல்புகளைக் கழற்றி, அதே அளவு வெளிச்சம் தரும் பல்புகளையே மறுபடி மாட்டிவிட்டு இறங்கினார். வெளிச்சம் நன்றாகிவிட்டது என்றார்கள் தொழிலாளர்கள்.

விளக்கு விற்க வந்தவர்கள் 1927இல் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். ஆலைக்காரர்களுக்கோ குறுகுறுப்பு விடவில்லை. வெளிச்சம் காரணமில்லை என்றால், வேறு எதுதான் காரணம்?

ஐந்து பெண்கள், ஓர் ஓட்டை நாடா

1927 ஏப்ரலில் ஒரு தனி அறையில் புதிய ஆய்வு தொடங்கியது. தொலைபேசி இணைப்பகங்களில் பயன்படும் ‘ரிலே’ என்ற சிறு மின்விசையைப் பொருத்தும் வேலை. முப்பதுக்கு மேற்பட்ட சின்னச் சின்னப் பாகங்களைக் கையால் கோக்க வேண்டும். பழகிய கைக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். ஐந்து இளம்பெண்கள் பொருத்தினார்கள். ஆறாவது பெண் பாகங்களை எடுத்துக் கொடுத்தார். முடித்த ரிலேயை முன்னால் உள்ள சரிவில் போட்டால் அது கீழே விழும்போது, நகர்ந்துகொண்டேயிருக்கும் காகித நாடாவில் ஓர் ஓட்டை விழும். யார், எந்த நிமிடத்தில், எத்தனை முடித்தார் என்பதற்கு அந்த நாடாவே சாட்சி.

பிறகு ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ஐந்து நிமிட ஓய்வு இரண்டு முறை. அதுவே பத்து நிமிடமாயிற்று. காலையில் சிற்றுண்டி தந்தார்கள். வேலை நேரத்தை அரை மணி குறைத்தார்கள், இன்னொரு அரை மணி குறைத்தார்கள். உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. பன்னிரண்டாவது கட்டத்தில் எல்லாச் சலுகைகளையும் பறித்தார்கள்: ஓய்வு இல்லை, சிற்றுண்டி இல்லை, வாரத்துக்கு 48 மணி நேரம். வாரக் கணக்கில் உற்பத்தி அதற்கு முன் இல்லாத உயரத்துக்குப் போனது.

ஹார்வர்டிலிருந்து வந்தவர் எல்டன் மேயோ. பிறந்தது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில். இந்தக் கதைக்கு உலகம் முழுவதும் சிறகு கொடுத்தவர் அவர்தான். தொழிலாளி கூலிக்காகவும் ஓய்வுக்காகவும் மட்டும் உழைக்கும் இயந்திரம் அல்ல. தன்னை மதிக்கிறார்கள், கேட்கிறார்கள், தான் ஒரு குழுவில் ஒருத்தி என்ற உணர்வே அவளை இயக்குகிறது என்றார். நிறுத்தற்கடிகாரத்தைக் கையில் பிடித்து ஒவ்வோர் அசைவையும் அளந்த ஃபிரெடரிக் டெய்லரின் காலத்துக்குப் பிறகு, இந்தப் பேச்சு பலருடைய காதுக்கும் இதமாக இருந்தது. ஆய்வின் முழு விவரமும் 1939இல் பெரிய புத்தகமாக வந்தது. 1950களில் ‘ஹாதார்ன் விளைவு’ என்ற சொல் வழக்குக்கு வந்துவிட்டது.

காகம் உட்கார்ந்த கதை

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்போம். காகம் உட்கார்ந்தது உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. காகத்தால்தான் விழுந்தது என்பது மட்டும் நம் மனம் போட்ட முடிச்சு. ஒரு நிகழ்ச்சியோடு வேறொன்றும் ஒட்டிக்கொண்டு வரும்போது எது காரணம் என்று பிரிக்க முடியாமல் போகிறது. இப்படி ஒட்டிக்கொண்டு வருவதை ‘ஒட்டுக்காரணி’ என்று அழைப்போம். புள்ளியியல் துறையில் ‘கன்ஃபவுண்டர்’ என்று சொல்வது இதைத்தான்.

ரிலே அறையில் ஒட்டுக்காரணிகள் வரிசைகட்டி நிற்கின்றன. முதலாவது, சம்பளக் கணக்கு. பெரிய கூடத்தில் நூறு பேர் அளவிலான குழுவின் மொத்த உற்பத்தியைப் பொறுத்துக் கூலி. நான் பத்து ரிலே கூடுதலாகச் செய்தால் அதன் பலன் நூறாகப் பிரிந்து, என் கையில் விழுவது தூசு. தனி அறையில் குழு ஆறு பேராகச் சுருங்கியது; உழைப்பின் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. திருப்பூரில் ‘பீஸ் ரேட்’டுக்குத் தைப்பவருக்கும் ‘ஷிப்ட்’ கணக்கில் தைப்பவருக்கும் இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆள் மாற்றம். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928 ஜனவரியில் இரண்டு பெண்களை அறையிலிருந்து விலக்கிவிட்டு, சுறுசுறுப்பான இருவரைச் சேர்த்தார்கள். மதிப்பும் அன்பும்தான் உற்பத்தியைப் பெருக்கின என்ற கதையில் இந்தச் செய்தி அவ்வளவாக அடிபடுவதில்லை. மூன்றாவது, பயிற்சி. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற கை வேகமெடுக்கத்தான் செய்யும். நான்காவது, 1929க்குப் பிறகு வந்த பெரும் பொருளாதார மந்தம். வெளியே வேலையில்லாமல் வரிசையில் நிற்பவர்களைக் கண்டால் உள்ளே இருப்பவரின் கை ஓடாதா?

ரிச்சர்ட் ஃபிராங்கே, ஜேம்ஸ் கால் என்ற இருவர் 1978இல் ரிலே அறையின் எண்களைப் புள்ளியியல் முறையில் அலசினார்கள். உற்பத்தியில் தெரிந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதிக்கு ஆள் மாற்றமும் மந்தமும் ஓய்வு நேரமுமே விளக்கம் தந்துவிட்டன. ‘மதிக்கப்பட்ட உணர்வு’ என்று சொல்லி நிரப்ப மிச்சம் அதிகம் இருக்கவில்லை.

விளக்குச் சோதனை என்னவாயிற்று? அதன் மூலத் தரவு தொலைந்துவிட்டது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் நூலகக் காப்பகங்களில் தேடி, கிடைத்ததைத் திரட்டி, 2011இல் தங்கள் அலசலை வெளியிட்டார்கள். பாடப்புத்தகம் சொல்லும் அந்த அழகிய ஒழுங்கு, அதாவது எதை மாற்றினாலும் உற்பத்தி எகிறும் என்பது, தரவில் இல்லை. மெல்லிய சாடை மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெரிந்தது.

ஒரு சின்ன விவரம்தான் கதையை அவிழ்த்தது. விளக்குகளை எப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மாற்றியிருக்கிறார்கள். ஆலைக்கு விடுமுறை, ஏணி வைத்து ஏற வசதி. மறுநாள் திங்கட்கிழமை, முந்தைய வாரத்தின் கடைசி வேலைநாளைவிட உற்பத்தி கூடியிருந்தது. விளக்கின் வேலை என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் விளக்கைத் தொடாத வாரங்களிலும் திங்கட்கிழமை உற்பத்தி அப்படியேதான் கூடியிருந்தது. ஒருநாள் ஓய்ந்த உடம்பு செய்த வேலையை விளக்கின் கணக்கில் எழுதிவிட்டார்கள். விளக்கின் அடியில் இருட்டு என்பது இதுதான் போலும்.

குலுக்கல் தரும் நீதி

ஒட்டுக்காரணியிடமிருந்து தப்பிக்க வழி உண்டா? ஒரு நல்ல வழி உண்டு, நமக்குப் பழகியதும்கூட. குலுக்கல்.

பத்தாம் நூற்றாண்டில், பராந்தகச் சோழன் காலத்தில், உத்திரமேரூரில் ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையைக் கல்வெட்டு விவரிக்கிறது. தகுதியுள்ளவர்களின் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றுமறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏன் சிறுவன்? அவனுக்கு வேண்டியவர், வேண்டாதவர் இல்லை. அவன் கையில் சார்பு இல்லை.

அறிவியல் சோதனையிலும் குலுக்கல் செய்வது இதே வேலையைத்தான். இருநூறு தொழிலாளர்களைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நூறாகப் பிரித்தால், சுறுசுறுப்பானவர், சோம்பலானவர், வீட்டில் குழந்தை அழுததால் தூங்காதவர், இளையவர், மூத்தவர் எல்லோரும் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழுந்துவிடுவார்கள். நாம் எண்ணிப் பார்க்காத வேறுபாடுகள்கூடச் சமப்படும். பிறகு ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றத்தைக் கொடுத்தால், இரண்டுக்கும் இடையே தோன்றும் பெரிய வேறுபாட்டுக்கு அந்த மாற்றமே காரணம் என்று நம்பலாம். திங்கட்கிழமை இரு பக்கத்துக்கும் பொது. பயிற்சியும் மந்தமும் பொது. கவனிக்கப்படும் உணர்வும் பொதுதான். இதைச் சமவாய்ப்பு ஒதுக்கீடு என்பார்கள். மாற்றம் பெறாத பக்கம், ஒப்பீட்டுக் குழு.

சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனம் 2010ஆம் ஆண்டு ஒரு கேள்வியோடு நின்றது. அழைப்பு மையத்தில் வேலை செய்பவர்களை வீட்டிலிருந்தே செய்ய விட்டால் என்னாகும்? விரும்பியவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு அவர்களுடைய உற்பத்தியை அளந்தால் பிழையாகிவிடும். கேட்டு வாங்குபவர் இயல்பிலேயே பொறுப்பானவராக இருக்கலாம், அல்லது வேலையில் தட்டிக்கழிப்பவராகவும் இருக்கலாம். ஆகவே விருப்பம் சொன்ன, தகுதியும் இருந்த 249 பேருக்குள் குலுக்கல் வைத்தார்கள். குடத்துக்குப் பதில் பிறந்த தேதி. இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்களுக்கு வீடு, ஒற்றைப்படைக்காரர்களுக்கு அலுவலகம்.

ஒன்பது மாதக் கணக்கில் வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தி 13 சதவீதம் கூடியிருந்தது. இடைவேளையும் விடுப்பும் குறைந்ததால் வந்தது அதில் 9. நிமிடத்துக்குக் கூடுதல் அழைப்புகளை முடித்ததால் வந்தது 4. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் இன்னொரு எண்ணும் வெளிவந்தது. ஒரே அளவு திறமை காட்டியவர்களை ஒப்பிட்டால், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. கண்ணில் படாதவர் கருத்திலும் படவில்லை. சோதனை முடிந்து, இனி அவரவர் விருப்பம் என்றதும், தனிமை தாங்காமல் அலுவலகத்துக்குத் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

சென்னையில் ஒரு மதியத் தூக்கம்

குலுக்கலின் பெருமை, நாம் உறுதியாக நம்பியதையே அது புரட்டிப்போடும்போது தெரியும். சென்னையில் நடந்த ஓர் ஆய்வு அப்படிப்பட்டது. 2021இல் முடிவுகள் வெளியாயின.

நன்றாகத் தூங்கினால் நன்றாக வேலை ஓடும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆய்வாளர்கள் 452 பேரை ஒரு மாதத்துக்குத் தட்டச்சுப் பதிவு வேலையில் அமர்த்தினார்கள். கையில் கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டி, இரவுத் தூக்கத்தை அளந்தார்கள். வெயிலும் கொசுவும் சத்தமும் நெரிசலும் சேர்ந்த நகரத்து இரவில், படுக்கையில் கிடந்தது எட்டு மணி நேரம். உண்மையில் தூங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம். குலுக்கலில் வந்த ஒரு பகுதியினருக்குக் கண்மறைப்பு, காதடைப்பான், மின்விசிறி போன்றவற்றையும் ஆலோசனையும் கொடுத்தார்கள். சிலருக்குக் கூடுதலாகத் தூங்கினால் பணமும் கொடுத்தார்கள். தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது.

வேலையில் முன்னேற்றம்? இல்லை. வல்லுநர்களிடம் முன்கூட்டியே கேட்டபோது நல்ல பலன் இருக்கும் என்றுதான் கணித்திருந்தார்கள். அளந்தபோது கண்டுபிடிக்கும் அளவுக்கு எதுவும் தேறவில்லை. படுக்கையில் கூடுதல் நேரம் கழிந்ததால் வேலை நேரம்தான் சற்றுக் குறைந்தது.

இதே ஆய்வில் வேறொரு குலுக்கலும் இருந்தது. சிலருக்கு அலுவலகத்திலேயே மதியம் அரை மணி நேரம் அமைதியாகத் தூங்க இடம் கொடுத்தார்கள். அவர்களுக்கு வேலை வேகம், கவனம், மனநிலை மூன்றும் மேம்பட்டன. தூங்கிய அரை மணி வேலைக் கணக்கில் போனது உண்மை. அதே அரை மணியைச் சும்மா இடைவேளையாகக் கழித்தவர்களோடு ஒப்பிட்டால் தூங்கியவர்களே முன்னால். கலைந்து கலைந்து வரும் இரவுத் தூக்கத்தில் அரை மணி கூட்டுவதும், அமைதியான இடத்தில் அரை மணி தூங்குவதும் ஒன்றல்ல என்பது ஒரு விளக்கம். ஆனால் கவனியுங்கள், ‘ஏன்’ என்று கேட்டதும் குலுக்கல் மௌனமாகிவிடுகிறது. ‘என்ன நடந்தது’ என்பதை அது நேர்மையாகச் சொல்லும். ‘ஏன்’ என்பதற்கு நாம் வேறு கதவைத் தட்ட வேண்டும்.

அதே ஆலை, அடுத்த அறை

அந்தக் கதவும் ஹாதார்னிலேயே இருக்கிறது.

1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை, தொலைபேசி இணைப்பகங்களுக்கான விசைப் பலகைகளில் கம்பி இணைக்கும் 14 ஆண்களை ஒரு தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். ஒன்பது பேர் கம்பி இணைப்பவர்கள், மூவர் பற்றவைப்பவர்கள், இருவர் பரிசோதகர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடையே வாழ்ந்து ஆராய்ந்த லாயிட் வார்னர் என்ற மானுடவியலாளரின் யோசனையும் இதற்குப் பின்னால் இருந்தது. ஓர் ஊருக்குள் போய் உட்கார்ந்து அவர்கள் பேச்சையும் பழக்கத்தையும் பார்ப்பதுபோல, இந்த அறையில் ஒருவர் மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். எதையும் மாற்றவில்லை.

ஹாதார்ன் விளைவு உண்மையானால் இங்கேயும் உற்பத்தி எகிறியிருக்க வேண்டும். ஆறு மாதம் ஓயாமல் கவனித்தார்கள், எகிறவில்லை. நிர்வாகம் வைத்த நாள் இலக்கு 7,312 இணைப்புகள். ஆண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கணக்கு 6,600 அளவு. அதை எட்டியதும் கை தானாக மெதுவாகிவிடும். அதிகம் செய்துவிட்ட நாளில் குறைத்துச் சொல்லி, மிச்சத்தை மந்தமான நாளுக்கு வைத்துக்கொண்டார்கள். வேகமாகச் செய்பவருக்கு ‘கூலியைக் கெடுப்பவன்’ என்ற பட்டப்பெயர். மெதுவாகச் செய்து மற்றவர் உழைப்பில் வாழ்பவருக்கும் ஒரு வசைப்பெயர். மேலாளரிடம் போட்டுக்கொடுப்பவர் நிலை அதைவிட மோசம். எல்லை மீறுபவரின் மேல்கையில் ஓங்கி ஒரு குத்து விழும். வாங்கியவர் பதிலுக்கு ஒன்று கொடுக்கலாம். அத்தோடு விவகாரம் முடிந்தது.

எங்கும் எழுதிவைக்காத இந்தச் சட்டத்துக்குக் குழு நெறி என்று பெயர். நிர்வாகம் இதைச் சோம்பல் என்று சொல்லக்கூடும். அவர்கள் தரப்பு நியாயத்தைக் கேட்டால் வேறு தோற்றம் வரும். இன்று கூடுதலாகச் செய்தால் நாளை அதுவே இலக்காகும், ஒரு துண்டுக்கான கூலி குறையும், வேலை சீக்கிரம் தீர்ந்தால் ஆட்குறைப்பு வரும் என்று அவர்கள் அஞ்சினார்கள். மந்த காலத்தில் அந்த அச்சத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று எப்படிச் சொல்வது?

ரிலே அறைப் பெண்களும் கம்பி அறை ஆண்களும் ஒரே ஆலையில் இருந்தவர்கள். இருவரையும் கவனித்தார்கள். ஒரு பக்கம் உற்பத்தி ஏறியது, மறுபக்கம் கட்டிப்போட்டதுபோல நின்றது. அப்படியானால் பார்வைக்கென்று தனியாக ஒரு சக்தி இல்லை. தன்னைப் பார்ப்பவர் யார், எதற்காகப் பார்க்கிறார், இதனால் தனக்கு என்ன வரும் என்று தொழிலாளி கொள்ளும் பொருளில்தான் எல்லாம் இருக்கிறது. வெப்பமானியை நாம் பார்த்தால் அது நம்மைத் திருப்பிப் பார்ப்பதில்லை, மனிதர் பார்க்கிறார். பார்த்து, ஒரு முடிவுக்கும் வருகிறார். பணியிட ஆய்வு இயற்பியலைவிடச் சிக்கலாவது இந்த இடத்தில்தான்.

இந்தப் பொருள்கொள்ளலையும் குலுக்கலையும் ஒன்றாகச் சேர்த்து அளந்தவர்கள் உண்டு. ஒடிசாவில் 378 தொழிலாளர்களைச் சிறு பொருள்கள் தயாரிக்கும் தற்காலிக வேலையில், மூன்று மூன்று பேர் கொண்ட குழுக்களாக அமர்த்தினார்கள். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே கூலி. சிலவற்றில் ஆளுக்கொரு கூலி. ஒப்பிட்டது யாரை என்பதில்தான் நுட்பம்: ஒரே தொகையைப் பெறும் இருவரை எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அருகில் இருப்பவர்களும் அதே தொகை வாங்குகிறார்கள். மற்றவருக்கு அருகில் இருப்பவர்கள் கூடுதலாக வாங்குகிறார்கள். கைக்கு வரும் காசு மாறவில்லை. ஆனால் இரண்டாமவரின் உற்பத்தி குறைந்தது. வருகை 18 சதவீதப் புள்ளிகள் விழுந்தது. வேலைக்கு வராமல் போனால் நாள் கூலியே போகும். தெரிந்தும் வராமல் இருந்தார்கள்.

இதைவிட நுட்பமான கண்டுபிடிப்பு ஒன்றும் அதில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் உண்மையாகவே அதிகம் செய்கிறார் என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த இடங்களில், கூலி வேறுபட்டாலும் யாரும் சுணங்கவில்லை. ஆக, வேறுபாடு மனதைத் தைக்கவில்லை. காரணம் தெரியாத வேறுபாடுதான் தைத்தது.

மறுபடியும் விளக்கு

கடைசியாக, விளக்குக்கே திரும்புவோம். பெங்களூரு வட்டாரத்து ஆயத்த ஆடை ஆலைகளில், தையல் தளங்களில் இருந்த குழல்விளக்கு வகைகளைக் கழற்றிவிட்டு எல்இடி விளக்குகளைப் பொருத்தினார்கள். நோக்கம் மின்சாரச் சிக்கனம். எல்லா ஆலைகளிலும் ஒரே நாளில் மாற்றவில்லை. ஒன்றில் முதலில், இன்னொன்றில் பல மாதம் கழித்து என்று ஆண்டுக்கணக்கில் நடந்தது. குலுக்கல் இல்லாத இடத்தில் ஆய்வாளர்களுக்கு இதுவே ஒரு துணை. மாற்றிய ஆலைகளையும் இன்னும் மாற்றாத ஆலைகளையும் ஒரே நாளில், ஒரே வெயிலில் ஒப்பிடலாம். ஹாதார்னின் திங்கட்கிழமைப் பிழை இதில் புகமுடியாது, ஏனென்றால் திங்கட்கிழமை எல்லா ஆலைக்கும் திங்கட்கிழமைதான்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, வெயில் கடுமையான நாள்களில் தையல் வேலையின் திறன் குறைவது தெரிந்தது. எல்இடி மாட்டிய தளங்களில் அந்தச் சரிவு பெரிதும் அடங்கியிருந்தது. குளிர்ச்சியான நாள்களில் அப்படியொன்றும் வித்தியாசம் இல்லை. எல்இடி நன்றாக வெளிச்சம் தருவதால் வேலை கூடியது என்றால் எல்லா நாளும் கூடியிருக்க வேண்டும். வெயில் நாளில் மட்டும் கூடியது என்றால், விளக்கு செய்த உதவி வெளிச்சத்தில் இல்லை. அது வெப்பத்தைக் குறைத்ததில் இருக்கிறது. மின்கட்டணத்தில் மிச்சமானதைவிட உற்பத்தியில் கிடைத்த ஆதாயம் பெரிது. 

ஹாதார்ன்காரர்கள் விளக்கைக் கண்ணுக்கான பொருளாகவே பார்த்தார்கள். தோலுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று பெங்களூருக் கணக்கு சொல்கிறது. ஆனால் இதைச் சொல்ல ஆண்டுக்கணக்கான தரவு வேண்டியிருந்ததா? அந்த விளக்கின் கீழே குனிந்து நாள் முழுக்கத் தைத்த ஒரு பெண்ணிடம் வெயில் காலத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எங்கே சுடுகிறது என்று அப்போதே சொல்லியிருப்பார். அந்தச் சூட்டால் ஆலை முழுவதும் எத்தனை சட்டை குறைந்தது என்று அவரால் சொல்ல முடியாது. அதற்குக் கணக்குப் புத்தகம் வேண்டும். கணக்குப் புத்தகமோ, எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று தானாகச் சொல்வதில்லை. அதற்கு அந்தப் பெண்ணிடம்தான் போக வேண்டும்.